எஃகைவிட 15 மடங்கு பலமாம், அப்புறம் ஏன் நைலான்? பாறையேற்றக் கயிறு, கார்ட், ஸ்லிங் வாங்குமுன்

கேட்டவர் கோலாலம்பூரில் உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகியவர். இப்போது பத்துமலைப் பாறைகளுக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். கடையில் 120 செ.மீ. டைனிமா (ஒரு வகைப் பாலிஎத்திலீன் இழை) ஸ்லிங் ஒன்றை, அதாவது வளையமாகத் தைத்த நாடாவைக் காட்டி, “இது எஃகைவிட 15 மடங்கு பலம், நைலான் எல்லாம் பழைய சரக்கு” என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் ஆங்கரில் (பாறையில் பதித்த போல்ட்டுகளாலான பிணைப்பிடம்) தன்னை மாட்டிக்கொள்ளும் ஸ்லிங், புருசிக் (கயிற்றைச் சுற்றிக் கவ்வும் உராய்வு முடிச்சு) போடும் மெல்லிய கயிறான கார்ட், ஏறும் கயிற்றை போல்ட்டில் மாட்டும் குயிக்டிரா எல்லாவற்றையும் டைனிமாவிலேயே வாங்கிவிடலாமா என்று கேட்கிறார். கயிறு மட்டும் ஏன் இன்னும் நைலானிலேயே வருகிறது என்பது அடுத்த கேள்வி. தெரிந்தவர் ஒருவர் எட்டு வருடமாக வைத்திருந்த ஸ்லிங்குகளை மலிவாகத் தருகிறார், வாங்கலாமா என்பது கடைசிக் கேள்வி. பார்க்க மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: எந்த இழை அதிக பலமோ அதை வாங்கினால் போதுமா? போதாது. இழை எவ்வளவு நீளும், எந்தச் சூட்டில் உருகும், முடிச்சுப் போட்டால் என்ன ஆகும், நனைந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் பலத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் அந்த 15 மடங்கு. அது பொய்யில்லை, ஆனால் எடைக்கு எடை வைத்துச் சொல்லும் கணக்கு. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் எஃகின் அடர்த்தி கிட்டத்தட்ட 7.85, டைனிமாவின் அடர்த்தி 0.97. எட்டு மடங்கு வித்தியாசம். ஒரே தடிமனில் ஒரு எஃகுக் கம்பியையும் டைனிமா இழையையும் வைத்தால் அந்த 15 மடங்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகச் சுருங்கிவிடும். அதுவும் பெரிய விஷயம்தான். நைலானோடு ஒப்பிட்டால் அதே எடைக்குச் சுமார் நான்கு மடங்கு பலம். அதனால்தான் டைனிமா ஸ்லிங் 8 முதல் 11 மி.மீ. அகலத்தில் ஒரு நாடா மாதிரி இருந்தும், 16 அல்லது 18 மி.மீ. நைலான் ஸ்லிங் தாங்கும் அதே 22 கிலோநியூட்டனைத் தாங்குகிறது. ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடை தொங்கினால் வரும் விசை என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஈ.என். 566 என்ற ஐரோப்பியத் தரச்சான்று பெற்ற தைத்த ஸ்லிங் எந்த இழையில் இருந்தாலும் 22 கிலோநியூட்டன் தாங்கியே ஆக வேண்டும். கடையில் அதிக விலை கொடுத்து டைனிமா வாங்கும்போது உங்களுக்குக் கிடைப்பது கூடுதல் பலம் இல்லை, எடைக்குறைவு.

இனி நீட்சி. அறுந்துபோவதற்கு முன் டைனிமா இழை சுமார் 3.5 சதவீதம் நீளும். கெவ்லார் போன்ற அராமிட் இழைகளும் அதே அளவுதான், அதே குடும்பத்து டெக்னோரா சற்றே கூடுதல். பாலியெஸ்டர் 12 முதல் 15 சதவீதம் வரை நீளும். நைலான் 20 சதவீதத்தை ஒட்டியும் அதற்கு மேலும் போகும். விழுகிற உடம்பின் ஆற்றல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். நீளுகிற பொருள் அதை மெதுவாக வாங்கிக்கொள்ளும். நீளாத பொருள் அதை அப்படியே விசையாக மாற்றி உங்கள் இடுப்பிலும் போல்ட்டிலும் இறக்கும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம், ஏனென்றால் பத்துமலையில் ஆளுக்கு ஆள் செய்கிற ஒரு காரியம் இது. பாதையின் உச்சியில் சங்கிலிக்கு வந்துவிட்டீர்கள். 60 செ.மீ. ஸ்லிங்கால் உங்களை போல்ட்டில் மாட்டிக்கொண்டு, கயிற்றை அவிழ்த்து வளையத்துக்குள் கோர்க்கப் போகிறீர்கள். நன்றாகக் கை எட்டட்டும் என்று ஒரு படி மேலே ஏறி நிற்கிறீர்கள். இடுப்பு போல்ட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டது, ஸ்லிங் தொளதொளவென்று தொங்குகிறது. கால் வழுக்கினால் 80 கிலோ எடை 60 செ.மீ. கீழே வந்து நிற்கும். ஆற்றல் ஏறத்தாழ 470 ஜூல். நெசவு இறுகுவதையும் சேர்த்து டைனிமா ஸ்லிங் இரண்டரை செ.மீ. நீள்கிறது என்று வைத்தால், சராசரி விசையே 19 கிலோநியூட்டனுக்குப் பக்கம் வரும், உச்ச விசை அதற்கும் மேல். அதே 60 செ.மீ. டைனமிக் கயிறாக (விழும்போது நீண்டு கொடுக்கும் பாறையேற்றக் கயிறு) இருந்து 30 சதவீதம் நீண்டால், அதாவது 18 செ.மீ. நீண்டால், சராசரி 3 கிலோநியூட்டன் அளவில் முடிந்துவிடும்.

இது தாளில் போட்ட கணக்கு. உண்மையில் உங்கள் உடம்பு ஒரு இரும்புக் குண்டு இல்லை. ஹார்னஸ் நெகிழும், தொடைச் சதை அமுங்கும், முடிச்சு இறுகும். அதனால் 19 அப்படியே வராது. ஆனாலும் கடினமான 80 கிலோ எடையைக் குறுகிய டைனிமா ஸ்லிங்கில் இப்படி விழவைத்து அளந்த சோதனைகளில் விசை 10 கிலோநியூட்டனைத் தாண்டியே வந்திருக்கிறது. டி.எம்.எம். என்ற பாறையேற்றக் கருவி நிறுவனம் வெளியிட்ட சோதனைகளில், நடுவே முடிச்சுப் போட்ட டைனிமா ஸ்லிங்குகள் அறுந்தே போயின. மனித உடம்புக்கு வரம்பாகக் கயிறுகளின் தரம் வைத்திருப்பது 12 கிலோநியூட்டன். இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்வது, டைனிமாவுக்குப் பதில் நைலான் ஸ்லிங் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது. தீராது. நைலான் ஸ்லிங்கில் விசை குறையும், முடிச்சுக்கும் அது தாக்குப்பிடிக்கும், ஆனால் வலிக்காமல் நிறுத்துகிற அளவுக்குக் குறையாது. ஸ்லிங் எதுவானாலும் தொளதொளப்பு இல்லாமல் இறுகத் தொங்குங்கள், போல்ட்டுக்கு மேலே ஏறாதீர்கள். மேலே ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் உங்களைப் பிணைத்திருப்பது டைனமிக் கயிறாக இருக்கட்டும்.

கயிறு ஏன் நைலானிலேயே நிற்கிறது என்பதற்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது. ஈ.என். 892 தரத்தில் சிங்கிள் கயிறு (ஒற்றையாகவே ஏறப் பயன்படும் கயிறு) என்று விற்க வேண்டுமென்றால் 80 கிலோ எடையை, விழுந்த தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் ஏறத்தாழ 1.77 வருகிற கடுமையான வீழ்ச்சியில், குறைந்தது ஐந்து முறை அறாமல் பிடிக்க வேண்டும். முதல் வீழ்ச்சியில் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, நீட்சி 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சும்மா 80 கிலோ தொங்கும்போது 10 சதவீதத்துக்கு மேல் நீளவும் கூடாது. விழும்போது நிறைய நீள வேண்டும், தொங்கும்போது கொஞ்சமாக நீள வேண்டும், நீண்டது திரும்பிச் சுருங்க வேண்டும். இத்தனையையும் சேர்த்துச் செய்கிற இழை விலைக்கும் எடைக்கும் கட்டுப்படியாக நைலான் ஒன்றுதான். 1953-இல் எடெல்ரிட் என்ற நிறுவனம் உள்கயிறும் மேலுறையும் கொண்ட கயிற்றைக் கொண்டுவந்ததிலிருந்து இன்றுவரை அமைப்பு அதேதான்: உள்ளே முறுக்கிய நைலான் இழைக் கற்றைகள், மேலே பின்னிய நைலான் உறை. கற்றைகளை வெப்பத்தில் சுருக்கி வைப்பதால் அவற்றின் நீட்சி இன்னும் கூடும். நைலானிலும் இரண்டு வகை உண்டு. நைலான் 6 சுமார் 220 டிகிரியில் உருகும், நைலான் 6.6 சுமார் 255 டிகிரியைத் தாண்டும். பாறையேற்றக் கயிறுகளில் அதிகம் வருவது நைலான் 6.

கயிற்றில் டைனிமாவோ அராமிடோ சேர்ப்பதே இல்லையா என்றால், சேர்க்கிறார்கள், வேறு காரணத்துக்காக. கூர்மையான விளிம்பில் கயிறு அறுபடுவதைத் தாமதப்படுத்த எடெல்ரிட் ஒரு கயிற்றின் உறையில் அராமிட் இழைகளைப் பின்னியிருக்கிறது. மம்மட் என்ற நிறுவனம் உறைக்கும் உள்கயிற்றுக்கும் இடையில் ஓர் அராமிட் அடுக்கு வைத்திருக்கிறது. விழுகையைப் பிடிப்பது அங்கேயும் நைலான்தான். சுண்ணாம்புப் பாறையில் கத்திபோல் நிற்கிற செதில்களைப் பத்துமலையில் பார்த்திருப்பீர்கள். அந்த அராமிட் அடுக்கு அறுபடாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அறுபடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தரும். கயிறு அந்தச் செதிலைத் தொடாதபடி குயிக்டிராவை நீட்டிப் போடுவது எப்போதும் மேல்.

நைலானின் பெரிய பலவீனம் தண்ணீர். அது ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய நைலான் பலத்தில் 10 முதல் 15 சதவீதம் இழக்கும், அது பெரிய கவலையில்லை. கவலை எதில் என்றால், நனைந்த டைனமிக் கயிறு சோதனையில் தாங்கும் வீழ்ச்சிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. காய்ந்தால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். நம் ஊரில் மதியத்துக்கு மேல் கொட்டுகிற மழையை யாரும் தடுக்க முடியாது. கயிறு சொட்டச் சொட்ட நனைந்துவிட்டால் அன்றைக்கு லீட் ஏறுவதை (கீழிருந்து கயிற்றை ஒவ்வொரு போல்ட்டாக மாட்டிக்கொண்டே ஏறுவதை) நிறுத்துங்கள். மேலே கட்டிய கயிற்றில் ஏறும் டாப்ரோப்பில் வீழ்ச்சி சின்னது, அது வேறு கணக்கு. யு.ஐ.ஏ.ஏ. (சர்வதேச மலையேற்றச் சம்மேளனம்) தரும் நீர்விலக்குச் சான்று உள்ள கயிறு என்றால் அந்தச் சோதனையில் அதன் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் ஏறக்கூடாது. உறைக்கு மட்டும் பூச்சுப் பூசிய மலிவான டிரை (நீர்விலக்கு) கயிறுகளுக்கு இந்தச் சான்று இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உள்ளரங்கிலும் பத்துமலையிலும் மட்டும் ஏறுகிறவருக்கு டிரை கயிறு அவசியமில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தைப் பத்து மீட்டர் கூடுதல் நீளத்தில் போடுங்கள்.

பாலியெஸ்டர் தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை, அரை சதவீதத்துக்கும் குறைவு. வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும், உறையாகப் பின்னினால் உராய்வுக்கும் நல்லது. குகைக்கும் மீட்புப் பணிக்கும் வருகிற, அதிகம் நீளாத செமி ஸ்டாட்டிக் கயிறுகளில் பாலியெஸ்டர் உறையைப் பார்ப்பது இதனால்தான். இறங்குவதற்கும், மேலே கட்டிவைத்து ஏறுவதற்கும் அவை அருமையானவை. லீட் ஏறுவதற்கு ஒருபோதும் கூடாது. புதிய நைலான் ஸ்டாட்டிக் கயிறு முதல் நனைவில் சில சதவீதம் சுருங்கும் என்பதையும் மனதில் வையுங்கள். 50 மீட்டர் என்று வாங்கியது 50 மீட்டராகவே இருக்காது, இறங்குகிற கடைசி இரண்டு மீட்டரில்தான் அது தெரியவரும். முனையில் முடிச்சுப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

இப்போது டைனிமா. அதன் வேதிப்பெயர் நீளமானது. சுருக்கமாகச் சொன்னால் மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீன், பிளாஸ்டிக் பை செய்கிற அதே குடும்பம். ஸ்பெக்ட்ரா என்று விற்பதும் இதே வகை இழைதான், தயாரிப்பாளர் வேறு. தண்ணீர் ஏறாது, அமிலமும் காரமும் எளிதில் தின்னாது, வெயிலை நன்றாகத் தாங்கும், எடையே இல்லாதது போலிருக்கும். சாயம் ஏறாது. அதனால்தான் டைனிமா ஸ்லிங்கில் வெள்ளைப் பகுதி கட்டாயம் இருக்கும், ஓரத்தில் தெரிகிற நிறம் உள்ளே நெய்த நைலான் அல்லது பாலியெஸ்டர் இழை. இவ்வளவு நல்லதற்கு மூன்று விலை கொடுக்க வேண்டும். ஒன்று, வழுக்கும். இரண்டு, 145 முதல் 150 டிகிரியிலேயே உருகும். மூன்று, முடிச்சுப் போட்டால் பலத்தில் பாதிக்கும் மேல் போகலாம், நைலானில் அது பொதுவாக மூன்றில் ஒரு பங்கையோ சற்று அதிகமாகவோ ஒட்டி நிற்கும்.

வழுக்கல் எப்படி வெளிப்படும் என்றால், டைனிமா நாடாவை வெட்டி இரு முனைகளையும் நீர்முடிச்சால் கட்டினால், இழையே அறுவதற்கு வெகு முன்பே முடிச்சு உருவி வந்துவிடும். ஆகவே டைனிமா நாடாவை மீட்டர் கணக்கில் வாங்கிக் கட்டாதீர்கள், தைத்த ஸ்லிங்காகவே வாங்குங்கள். ஆங்கரில் இரண்டு போல்ட்டைச் சமன்செய்ய 120 செ.மீ. ஸ்லிங்கில் ஒரு ஓவர்ஹேண்ட் முடிச்சுப் போடுவது சரியா என்று அடுத்துக் கேட்பீர்கள். சரிதான். 22 பாதியானாலும் 10 கிலோநியூட்டனைச் சுற்றி மிஞ்சும், அதோடு டைனமிக் கயிறு நடுவே இருக்கிறவரை ஆங்கருக்கு அவ்வளவு விசை வருவது அரிது. வேலை முடிந்ததும் முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். டைனிமாவில் இறுகிய முடிச்சு கல்லாகிவிடும், அதை அப்படியே பையில் போட்டு வைத்தால் ஒரே இடம் திரும்பத் திரும்ப வளைந்து தேயும்.

உருகுநிலைதான் எனக்கு அதிகம் கவலை தருவது. ஒரு ஸ்லிங் வழியாகக் கயிற்றை நேரடியாக ஓடவிட்டு ஒருவரை இறக்கினால், கயிறு ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்லிங்கின் ஒரே புள்ளி மொத்தச் சூட்டையும் வாங்கும். நைலானே சில விநாடிகளில் அறுந்துவிடும், டைனிமாவுக்கு இன்னும் குறைந்த சூடே போதும். நடுவே எப்போதும் ஓர் உலோகம் இருக்க வேண்டும்: கேரபினர் (திறந்து மூடும் கொக்கி), வளையம், குயிக்லிங்க், ஏதாவது ஒன்று. புருசிக் விஷயமும் இதேதான். டைனிமா ஸ்லிங்கைக் கயிற்றில் சுற்றி உராய்வு முடிச்சாகப் போட்டால் பிடிப்பு கம்மி. வழுக்க ஆரம்பித்தால் சூடேறும், சூடேறினால் மேற்பரப்பு உருகி இன்னும் வழுக்கும். கையில் வேறு எதுவும் இல்லாத அவசரத்துக்குச் சுற்றுகளைக் கூட்டி, எடையை மெதுவாக ஏற்றிச் சமாளிக்கலாம். அதையே வழக்கமாக்கி வாங்கி வைக்காதீர்கள்.

புருசிக்குக்குச் சிறந்தவை சாதாரண நைலான் கார்டும் அராமிடும். நைலானில் 6 மி.மீ. எடுங்கள், உங்கள் கயிறு 9.5 மி.மீ. பக்கம் இருந்தால் அந்த விகிதம் நன்றாகப் பிடிக்கும். ஒன்றரை மீட்டர் வெட்டி டபுள் ஃபிஷர்மேன் முடிச்சால் வளையமாகக் கட்டினால் ஆட்டோபிளாக் என்ற இன்னோர் உராய்வு முடிச்சுக்கும் புருசிக்குக்கும் அளவாக இருக்கும். வால் ஒவ்வொன்றும் விரல் நீளமாவது இருக்கட்டும். கார்டுகளுக்கான ஈ.என். 564 தரத்தில் பலத்தை மனக்கணக்காகவே போடலாம்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 0.2-ஆல் பெருக்கினால் கிலோநியூட்டன். 5 மி.மீ. 5, 6 மி.மீ. 7.2, 7 மி.மீ. 9.8, 8 மி.மீ. 12.8. வளையமாகக் கட்டினால் இரண்டு இழை சுமை சுமக்கும், ஆனால் முடிச்சு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 4 மி.மீ.க்கு 3.2 மட்டுமே. அது சாக்குப்பை கட்டத்தான், உயிரைக் கட்ட இல்லை.

அராமிட் என்பது 1965-இல் டுபோன் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவாலக் கண்டுபிடித்த கெவ்லாரின் குடும்பம். டெக்னோராவும் அதில் சேர்ந்தது. உருகாது. சுமார் 450, 500 டிகிரிக்குப் போனால் கருகும். அதனால்தான் தைத்த புருசிக் வளையங்கள் பலவற்றில் அராமிட் இருக்கிறது. கயிற்றில் நன்றாகக் கவ்வும், சூட்டுக்கு அஞ்சாது. அதன் பலவீனங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. வெயில் பட்டால் மற்ற இழைகளைவிட வேகமாகச் சீரழியும், அதனால் பெரும்பாலும் ஓர் உறைக்குள் மறைத்துத் தருகிறார்கள். அதைவிட முக்கியம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் உள்ளே இழைகள் முறியும். வளைத்து வளைத்துச் சோதித்த டெக்னோரா உள்கயிறு கார்டுகள் தங்கள் பலத்தில் பெரும்பங்கை இழந்தது பதிவாகியிருக்கிறது. வெளியே உறை புதுசு போலவே இருக்கும், உள்ளே நடந்தது தெரியாது. ஆகவே அராமிட் கார்டை நைலானைவிடச் சீக்கிரம் மாற்றுவதும், அதே இடத்திலேயே எப்போதும் முடிச்சுப் போடாமல் இருப்பதும் நல்லது. டைனிமா அல்லது அராமிட் உள்கயிறு வைத்த 5.5, 6 மி.மீ. கார்ட் வாங்கினால் டபுள் போதாது, டிரிபிள் ஃபிஷர்மேன் கட்டுங்கள். உள்கயிறு வழுக்கினால் உறை மட்டும் முடிச்சில் நின்று உள்ளிருப்பது நழுவப் பார்க்கும்.

வெக்ட்ரான் என்ற இழையும் உண்டு. பலம், குறைந்த நீட்சி எல்லாம் அராமிட் மாதிரி, வெயில் அதற்கும் ஆகாது. பாறையேற்றத்தில் அபூர்வம், அதை விட்டுவிடலாம். விடக் கூடாதது பாலிபுரொப்பிலீன். ஹார்டுவேர் கடையில் நைலான் கயிறு என்று கேட்டால் நீலம், பச்சை, மஞ்சளில் ஒரு கட்டை எடுத்துத் தருவார்கள். அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் அல்லது சாதாரண பாலிஎத்திலீன். லாரிச் சுமைக்குச் சரி, மனித உடம்புக்குச் சரியில்லை: 165 டிகிரியிலோ அதற்கும் குறைவிலோ உருகும், வெயிலில் சில மாதங்களில் பொடியாகும், எந்தத் தரச்சான்றும் இருக்காது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெட்டி, தண்ணீருக்குள் வைத்து விரலால் பிழிந்து காற்றுக் குமிழிகளை வெளியேற்றிப் பாருங்கள். நைலான் (அடர்த்தி 1.14), பாலியெஸ்டர் (1.38), அராமிட் (1.44) மூன்றும் மூழ்கும். பாலிபுரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் மிதக்கும், டைனிமாவும் மிதக்கும். ஒரு இழையைப் பிரித்து நெருப்பில் காட்டினால் நைலான் உருகி மணியாகத் திரளும், டைனிமா மெழுகுவத்தி மணத்தோடு உருகும், அராமிட் உருகாமல் கருகி, நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். இந்தச் சோதனை இழை எது என்று சொல்லும், எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது.

ஆக, உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். கயிறு: 9.5 முதல் 9.8 மி.மீ. நைலான் சிங்கிள். நீளத்தை அங்கே ஏறும் பாதையின் உயரத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள், பாதையின் இரண்டு மடங்கும் கொஞ்சம் மிச்சமும் வேண்டும். உங்களை ஆங்கரில் மாட்டிக்கொள்ள: டைனமிக் கயிற்றில் செய்த லேன்யார்ட் (இடுப்பை ஆங்கரோடு இணைக்கும் குட்டைக் கயிறு) ஒன்று வாங்குங்கள், அல்லது ஏறிய கயிற்றாலேயே கிளவ் ஹிட்ச் முடிச்சைப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டியலில் ஒன்றுக்கு மட்டும்தான் கூடுதல் பணம் போட முடியும் என்றால் அது இதுதான். குயிக்டிரா: அடிக்கடி விழுந்து எழுந்து ஒரே பாதையைப் பழகுகிறவர் என்றால் அகலமான நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியில் எடுங்கள். கையால் பிடித்துத் தொங்க வசதி, தேய்மானமும் குறைவு. அங்கே டைனிமா ஆபத்தில்லை, விழுகையைக் கயிறு வாங்கிக்கொள்கிறது. எடை முக்கியமான நீளமான பாதைக்கு, புக்கிட் தாக்குன் மாதிரி பல பிட்ச் (கட்டம் கட்டமாக) ஏறும்போது, டைனிமா தன் விலைக்கு நியாயம் செய்யும். கடையில் பார்த்த 120 செ.மீ. ஸ்லிங்கையும் வாங்கலாம். ஆங்கரைச் சமன்செய்யவும், குயிக்டிராவை நீட்டவும், பாறையின் துளையில் கோர்க்கவும் பயன்படும். உங்களைத் தொங்கவிட மட்டும் வேண்டாம். புருசிக்குக்கு 6 மி.மீ. நைலான் கார்ட் மூன்று மீட்டர் வாங்கி இரண்டாக வெட்டுங்கள்.

வாங்கும்போது வில்லையைப் படியுங்கள். ஸ்லிங்கில் ஈ.என். 566, 22 கிலோநியூட்டன், சி.இ. குறியும் அதன் பக்கத்தில் நான்கு இலக்க எண்ணும், தயாரித்த ஆண்டும் இருக்க வேண்டும். பி.ஏ. என்று இருந்தால் நைலான், பி.இ.எஸ். என்றால் பாலியெஸ்டர். மீட்டர் கணக்கில் விற்கும் நாடாவில் நீளவாக்கில் ஓடும் ஒவ்வொரு வண்ணக் கோடும் 5 கிலோநியூட்டனைக் குறிக்கும், மூன்று கோடு என்றால் 15. இணையத்தில் மலிவாக வருகிற வண்ண ஸ்லிங்குகளில் எண் அச்சிட்டிருக்கும், தரச்சான்றின் பெயர் இருக்காது. அவற்றைத் தொடாதீர்கள்.

வைத்துக்கொள்ளும் முறையில் நம் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. செயற்கை இழையைப் பூசணம் தின்பதில்லை. ஈரத்தோடு பையில் கிடந்து புள்ளி விழுந்தால் 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீரில் மென்மையான சோப்பால் அலசி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். குளோராக்ஸ் போன்ற பிளீச் வேண்டாம். கொசு மருந்தில் இருக்கும் டீட் நைலானைக் கெடுப்பதில்லை, ஆனால் சில பிளாஸ்டிக்குகளையும் நீட்சித் துணிகளையும் இளக்கும், பூசியபின் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். உண்மையான எதிரி அமிலம். நைலானைப் பேட்டரி அமிலம், அதன் ஆவிகூட, நிறமே மாறாமல் கொன்றுவிடும். பார்த்தால் புதுக் கயிறு, இழுத்தால் நூல். பாலியெஸ்டர் அமிலத்தைத் தாங்கும், காரத்துக்கு அஞ்சும். கார் பூட்டில் பழைய பேட்டரியோ, பேட்டரி கசிந்த பாயோ இருந்த இடத்தில் கயிற்றுப் பையை வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் நாள் முழுக்க விட்டுவைப்பதும் வேண்டாம், டைனிமாவை நீண்ட நேரம் 70 டிகிரிச் சூட்டில் வைப்பது அதற்கு நல்லதில்லை.

கடைசியாக அந்த எட்டு வருட ஸ்லிங்குகள். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் துணிப்பொருள்களுக்கு, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும், அதிகபட்சம் பத்து ஆண்டு என்கிறார்கள். அடிக்கடி பயன்படுத்தினால் அதில் சிறு பங்குதான். உறுதியாகச் சொல்ல முடியாதது, அந்த ஸ்லிங்கில் இப்போது எவ்வளவு பலம் மிச்சம் என்பது. கண்ணால் பார்த்தோ கையால் இழுத்தோ யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அறுத்துப் பார்த்தால்தான் தெரியும், அறுத்தபின் அது உதவாது. மெல்லிய டைனிமாவில் இந்தச் சந்தேகம் கூடுதல். வெயிலும் உராய்வும் மேற்பரப்பிலிருந்து தின்னத் தொடங்குகின்றன, 8 மி.மீ. நாடாவில் மேற்பரப்பே பெரும்பகுதி. பாறையில் யாரோ விட்டுச்சென்ற, வெளுத்துப்போன ஸ்லிங்கை நம்பி இறங்கக் கூடாது என்பதும் இதனால்தான். தாய்லாந்தின் ரைலே மாதிரி கடலோரப் பாறைகளில் துளைகளில் கோர்த்திருக்கும் பழைய நாடாக்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

எட்டு வருடத்தில் அவை எங்கே கிடந்தன, யார் கையில் இருந்தன, என்ன சிந்தியது என்பது விற்கிறவருக்கே முழுதாகத் தெரிந்திருக்காது. புது ஸ்லிங்கின் விலை அவ்வளவு பெரியதும் இல்லை. அவரிடமிருந்து கேரபினர்களை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், கயிறு ஓடும் இடத்தில் பள்ளமோ கூர்மையான விளிம்போ இல்லாமல், வாய் தானாகச் சட்டென்று மூடினால் போதும். ஸ்லிங்குகளை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். குப்பையில் போடுவதானால் முதலில் நான்கு துண்டாக வெட்டச் சொல்லுங்கள். டைனிமா சாதாரண கத்தரியில் வழுக்கும், கூர்மையான பேனாக்கத்தியால் பலகையில் வைத்து அழுத்தி வெட்ட வேண்டும்.